எராஸ்முஸும் ஏஜென்சியும்

புலம்பெயர்ந்த தமிழர் கூட்டங்களில் கொஞ்சக் காலமாக ஒரு புதுப் பெருமை கேட்கிறது. "எங்கடை பிள்ளையள் உலகப் பிரசைகள்." ஊர்ச்சங்க ஒன்றுகூடலில், பழைய மாணவர் சங்க இராப்போசனத்தில், அரங்கேற்ற மேடையில் என்று எங்கேயும் யாராவது ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து இதைச் சொல்கிறார். உதாரணமும் தருகிறார். இன்னாருடைய மகள் பார்சலோனாவில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தாள், இன்னாருடைய மகன் கொப்பன்ஹேகனில் ஆறு மாதம் இருந்தான். சபை கைதட்டுகிறது. கைதட்டு அடங்க அவர் அடுத்த வசனத்துக்கு வருகிறார்: "நாங்கள் களவாய் வந்தனாங்கள். எங்கடை பிள்ளையள் நேராய்ப் போகினம்."

இந்த இரண்டாவது வசனத்தோடுதான் என் சண்டை.

பிள்ளைகளோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. போகட்டும். இருபது வயதில் வேறொரு நாட்டுத் தெருவில் வழி தெரியாமல் நிற்பதும், புது மொழியில் பாண் வாங்கப் பழகுவதும், வீட்டை நினைத்து ஒரு இரவு அழுவதும் நல்ல படிப்புத்தான். அதே படிப்பை நாங்களும் படித்தோம். எங்களுக்கு யாரும் அதற்குப் புள்ளி போடவில்லை, அவ்வளவுதான். என் கேள்வி வேறு. ஒரு இளம் ஆள் எல்லை கடந்து போகிறான், அவனுடைய தாய் ஊரில் காத்திருக்கிறாள். இந்த ஒரே காரியத்தில் ஒன்றை 'நேர்' என்றும் மற்றதைக் 'களவு' என்றும் பிரித்தது யார்? அந்தப் பிரிப்பை நாங்கள் ஏன் எங்கள் வாயாலேயே திருப்பிச் சொல்கிறோம்?

எராஸ்முஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பாவில் பல்கலைக்கழகம் படிக்கிற பிள்ளை ஒரு அரையாண்டோ ஒரு வருடமோ இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்கலாம். போன இடத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. மாதாந்தம் உதவித்தொகை உண்டு. அங்கே எழுதின சோதனை சொந்தப் பல்கலைக்கழகத்தில் கணக்கில் வரும். 1987 யூன் 15ஆம் திகதி அன்றைய ஐரோப்பிய சமூகத்தின் அமைச்சர்கள் சபை இந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. முதல் வருடம் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். பிறகு வந்த வருடங்களில் மாணவர், தொழில் பயில்வோர், ஆசிரியர் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் போய்வந்துவிட்டார்கள். 2021 முதல் 2027 வரைக்கும் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய காசு ஏறத்தாழ 2,600 கோடி யூரோ.

நானும் 1987இல் பிறந்தவன். இந்தத் திட்டத்துக்கும் எனக்கும் ஒரே வயது. அது கையெழுத்தாவதற்கு மூன்று கிழமைக்கு முன்னர், மே 26ஆம் திகதி, வடமராட்சியில் இலங்கை இராணுவத்தின் 'ஒபரேஷன் லிபரேஷன்' தொடங்கியது. அம்மா என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். நான் முதன்முதலாகச் செய்த பயணம் அதுதான்.

அதே 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்றோ விமான நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றார்கள். விமானத்துக்குக் கொண்டுபோகும்போது அவர்கள் உடுப்புகளைக் கழற்றி எறிந்து உள்ளாடையோடு நின்று போராடினார்கள். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த மாதமே பிரித்தானிய அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. மே மாதத்தில் அது சட்டமாயிற்று. விசா இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் விமானக் கொம்பனி ஒரு தலைக்கு 1,000 பவுண் தண்டம் கட்டவேண்டும். அன்றையிலிருந்து, எங்களை ஏற்றுவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கிற வேலை சீட்டுக் கிழிக்கிற பெண்ணின் கைக்குப் போனது. 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இதைப்போல் விதி போட்டு, தண்டத்தை ஆயிரக்கணக்கான யூரோவாக்கினார்கள்.

இன்னொரு திகதியையும் பாருங்கள். எராஸ்முஸ் ஏற்கப்பட்டு சரியாக மூன்று வருடம் கழித்து, அதே யூன் 15ஆம் திகதி, 1990இல், டப்ளின் ஒப்பந்தம் கையெழுத்தானது. அகதிக்கு எந்த நாடு என்பதை அகதி தீர்மானிக்க ஏலாது, பெரும்பாலும் அவன் முதலில் கால்வைத்த நாடுதான் அவனுக்குப் பொறுப்பு என்கிற ஒப்பந்தம். 1997 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2003இலிருந்து விரல் அடையாளத்தை ஒரு பொதுக் கணினியில் போட்டுத் தேடினார்கள். ஒரு யூன் 15 மாணவனிடம் 'விரும்பின நாட்டைத் தெரிவுசெய்' என்றது. மற்ற யூன் 15 எங்களிடம் 'நீ தெரிவுசெய்ய ஏலாது' என்றது. இரண்டுக்கும் கையெழுத்து வைத்தவை அநேகமாக ஒரே அரசுகள்.

அப்படியிருக்க, எங்கள் மேடைப் பேச்சாளர் களவு என்று எதைச் சொல்கிறார்? கதவைப் பூட்டியதையா, பூட்டின கதவால் நாங்கள் வந்ததையா? தூதரகத்தில் வரிசையில் நின்று, "எனக்கு உயிர்ப் பயம், ஒரு விசா தாருங்கள்" என்று கேட்டு விசா வாங்கி வந்த தமிழனை எனக்குக் காட்டுங்கள். அப்படியொரு விசா எங்களுக்குத் திறந்திருக்கவில்லை. அகதியாக விண்ணப்பிக்க அந்த மண்ணில் நிற்கவேண்டும். மண்ணில் நிற்பதற்கு விசா வேண்டும். விசா கேட்டால், நீ அங்கே போய் அகதியாக விண்ணப்பிப்பாய் என்று சொல்லி மறுப்பார்கள். இந்த வட்டத்தை வெட்டித்தான் ஏஜென்சி பிழைத்தான். தலைமாத்தின பாஸ்போட்டை நாங்கள் ஆசைக்கு வாங்கவில்லை.

திட்டத்துக்குப் பெயர் கொடுத்த மனிதரையும் ஒருதரம் பார்ப்போம். ரொட்டர்டாம் எராஸ்முஸ் பெரிய அறிஞர். ஆனால் அவர் பிறந்த வருடம் சரியாகத் தெரியாது. 1466 என்பவர்களும் உண்டு, 1469 என்பவர்களும் உண்டு. தகப்பன் ஒரு பாதிரியார், ஆகவே தாய்க்கும் தகப்பனுக்கும் விவாகப் பதிவு இல்லை. இரண்டு பேரும் கொள்ளைநோயில் செத்தபோது அவர் பதின்ம வயதுப் பிள்ளை. வளர்ந்து பாரிஸ், இங்கிலாந்து, இத்தாலி, லூவன், பாசல் என்று அலைந்தார். 1529இல் பாசலில் மதச் சண்டை முற்ற, அங்கிருந்து பிறைபேர்க் நகருக்கு இடம்பெயர்ந்தார். பிறந்த திகதியில் குழப்பம், பெற்றோரின் விவாகச் சான்றிதழ் இல்லை, மதப் பிரச்சினையால் இடப்பெயர்வு. இது எங்கள் கேஸ்தான்! எங்கள் ஊர்க் கச்சேரியில் அவருக்கு ஒரு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதைக் கொண்டுபோய் இன்றைக்கு ஒரு விசா கந்தோர் யன்னலில் நீட்டினால், அவருடைய பெயரிலேயே ஓடுகிற இந்த ஐரோப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். மாணவன் வேறு, அகதி வேறு என்று பிரித்துப் பார்ப்பதில் எங்களவர் ஐரோப்பியரை மிஞ்சியவர்கள். கலியாணப் பேச்சில் இது நன்றாகத் தெரியும். "மாப்பிள்ளை ஸ்ருடன்ற் விசாவிலை வந்தவர், அகதி இல்லை" என்று தரகர் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுவார்.

ஆனால் எங்கள் புலப்பெயர்வின் வரலாறு இந்தப் பிரிப்புக்கு இடம் தரவில்லை. நோர்வேயை எடுங்கள். குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் அங்கே போனார். மீன்பிடித் தொழிலைக் கற்றார். யாழ்ப்பாணத்தில் சீநோர் உருவாக வழிவகுத்தவர் அவர்தான். அவர் திறந்த வழியால் பிறகும் பொடியள் போனார்கள். எண்பதுகளில் போன பலர் அங்குள்ள மக்கள் உயர்பாடசாலைகளில் அனுமதி எடுத்து மாணவர்களாகத்தான் இறங்கினார்கள். அந்தப் பாடசாலைகளில் சோதனையும் இல்லை, புள்ளியும் இல்லை. நாட்டுப்புற இளைஞர்கள் ஒன்றாக இருந்து வாழ்க்கையைப் படிக்கவேண்டும் என்பது அவற்றின் கொள்கை. எங்கள் பொடியள் நோர்வே மொழியைப் படித்தார்கள், பனியைப் படித்தார்கள். 1983 யூலைக்குப் பிறகு திரும்பிப்போக ஊர் பழைய ஊராக இல்லை. மாணவ விசா முடிகிற நேரம் அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். வட நோர்வேயில் மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்தார்கள். அவர்கள் மாணவரா, அகதியா? காலையில் மாணவனாக இருந்தவன் மாலையில் அகதியானான். மாறினது ஆள் இல்லை, ஊரில் விழுந்த குண்டு.

லண்டனிலும் இதுதான் நடந்தது. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்து கூடின புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளில் வசதியுள்ளவர்கள் கணக்கியல், பொறியியல் படிக்கவென்று லண்டனுக்குப் போனார்கள். 1983க்குப் பிறகு அவர்களில் எத்தனையோ பேர் அங்கேயே நின்றார்கள். 2009க்குப் பிறகு இன்னொரு அலை மாணவர் விசாவில் வந்தது. அவர்கள் சேர்ந்த சின்னச் சின்னக் கல்லூரிகளின் அனுமதியை அரசு பறிக்க, கட்டின காசும் போய் விசாவும் போய், பெற்றோல் நிலையங்களிலும் கோழிக் கடைகளிலும் நின்றார்கள். இவர்களை எந்தப் பெட்டிக்குள் போடப் போகிறீர்கள்?

நான் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்தில் இரண்டு வருடம் படித்தவன். 2009இல் படிப்பு நின்றது. வருடத்தைச் சொன்னால் காரணத்தை வாசகர்கள் விளங்கிக்கொள்வார்கள். 2010இல் பாரிசுக்கு வந்தேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது சலாட்டும் குளிர் சாப்பாடுகளும் செய்கிற மேசையில் நிற்கிறேன். எங்கள் உணவகத்தில் சனி ஞாயிறில் மேசைக்குப் பரிமாற ஒரு இத்தாலியப் பெண் வருவாள். பொலோஞாவிலிருந்து எராஸ்முஸில் வந்தவள். நல்ல பிள்ளை. எனக்குத் தெரியாத பிரெஞ்சு வினைச்சொற்களை அவளும் பிழையாகத்தான் சொல்வாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய தாய் மலிவு விமானத்தில் ஒரு கட்டி சீஸோடு வந்து இறங்கினார். மூன்று நாள் நின்றார். முதலாளி கோப்பி கொடுத்தார், குசினிக்குள் கூட்டிவந்து எங்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தார். தாய் போன பிறகு அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "உன்ரை அம்மா எப்ப வருவா?"

விசா கிடைக்காது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விசா என்றால் அமெரிக்காவுக்கோ சீனாவுக்கோ போக எடுப்பதல்லவா என்றாள். தாய் மகளைப் பார்க்க வருவதற்கு அனுமதி வேண்டும் என்பது அவளுடைய உலகத்திலேயே இல்லை. அவளில் பிழை சொல்ல மாட்டேன். உலகம் இப்படித்தான் இருக்கவேண்டும்.

அவளைப் 'பரிமாற்ற மாணவி' என்கிறார்கள். பரிமாற்றம் என்றால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. அவளுடைய பல்கலைக்கழகம் ஒரு பிள்ளையைக் கொடுத்து ஒரு பிள்ளையை எடுத்தது. எங்களுக்கும் பரிமாற்றம் நடந்ததுதான். தோட்டக்காணியை ஈடு வைத்து, அக்காவின் நகையை விற்று, மாமாவின் சீட்டுக்காசை எடுத்து, அவற்றுக்கெல்லாம் பதிலாக ஒரு பொடியன் பாரிசில் இறங்கினான். ஆறு வருடம் வட்டி கட்டினேன். எங்கள் உதவித்தொகைத் திட்டத்துக்குப் பெயர் வைக்க ஆளில்லை.

குடும்ப இணைவு என்பதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று எங்கள் ஆட்களுக்கே சரியாகத் தெரியாது. ஆகவே கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன். 1951ஆம் ஆண்டு ஜெனீவா அகதிகள் உடன்படிக்கையில் குடும்ப இணைவுக்கென்று ஒரு பிரிவும் இல்லை. அந்த மகாநாட்டின் முடிவறிக்கையில் அகதியின் குடும்பத்தைப் பிரியாமல் பார்த்துக்கொள்ளும்படி அரசுகளுக்கு ஒரு சிபாரிசு மாத்திரம் உண்டு. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமை உடன்படிக்கை, பிள்ளையும் பெற்றோரும் சேர்வதற்கான விண்ணப்பங்களை மனிதாபிமானத்தோடும் விரைவாகவும் கவனிக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003 செப்டெம்பரில் குடும்ப இணைவுக்கு ஒரு பொது விதி போட்டது. அதன்படி குடும்பம் என்பது கணவன் அல்லது மனைவி, வயது வராத பிள்ளைகள். பெற்றோரைச் சேர்ப்பதும் விடுவதும் அந்தந்த அரசின் விருப்பம்.

பிரான்சில் அகதியாக ஏற்கப்பட்டவர் துணையையும், 19 வயது தாண்டாத, கலியாணம் முடிக்காத பிள்ளைகளையும் கூப்பிடலாம். வீடு எத்தனை அறை, சம்பளம் எவ்வளவு என்று அகதியிடம் கேட்க மாட்டார்கள். அந்தளவில் நல்லது. இதுகூடத் தெரியாமல் வீடு பெரிதாக எடுத்த பிறகு விண்ணப்பிப்போம் என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். தனியாக வந்த சிறுவன் அகதியாக ஏற்கப்பட்டால் தாய் தகப்பனைக் கூப்பிடலாம். 2018 செப்டெம்பர் சட்டத்துக்குப் பிறகு அவர்களோடு வயது வராத சகோதரங்களும் வரலாம். ஆனால் வளர்ந்த பிள்ளைக்கு இந்த வழி இல்லை. ஒரு வயதைத் தாண்டினதும் அம்மா குடும்பத்திலிருந்து விழுந்துவிடுகிறார். நான் வரும்போது எனக்கு 23 வயது, கலியாணம் இல்லை. சட்டத்தின் கணக்கில் எனக்குக் குடும்பமே இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடின மனுஷி எனக்கு யாரும் இல்லை.

தகுதி உள்ளவர்களுக்கும் வழி லேசானதல்ல. பிறப்பத்தாட்சி இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். பெயரில் ஒரு எழுத்து கூடக்குறைய இருக்கும். எங்களுடைய பெயரில் தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்பது அவர்களுக்கு விளங்காது. 2007இல் பிரான்ஸ் பாராளுமன்றம், விசா கேட்கிற பிள்ளையையும் தாயையும் மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம் என்று ஒரு சட்டமே போட்டது. கடைசியில் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் எழுதத் துணிந்தார்கள். இருக்கிற கொஞ்ச உரிமையும் நிரந்தரம் இல்லை. 2025 யூலையில் ஜேர்மனி, துணைநிலைப் பாதுகாப்புப் பெற்றவர்களின் குடும்ப இணைவை இரண்டு வருடத்துக்கு இடைநிறுத்தியது. அதே வருடம் செப்டெம்பரில் பிரித்தானியா அகதிகளின் குடும்ப இணைவுக்கான புது விண்ணப்பங்களை எடுப்பதை நிறுத்தியது. உதவித்தொகையோடு போகிற மாணவனின் பயணத்தை இப்படி ஒரு காலையில் நிறுத்தினால் தெருவெல்லாம் ஊர்வலம் போகும்.

கூப்பிடத்தான் ஏலாது, பார்க்க வரலாம்தானே என்று கேட்பீர்கள். என் அக்கா வேறொரு நாட்டில் இருக்கிறார். அவருடைய பிரசவத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கொழும்புக்குப் போய் விடுதியில் நின்று, காணி உறுதி, வங்கிப் புத்தகம், விதானையின் கடிதம் எல்லாம் கொடுத்து விரல் அடையாளமும் வைத்தார். இரண்டு தரம் மறுத்தார்கள். திரும்பிப் போவார் என்பதில் நம்பிக்கை இல்லையாம். மூட்டுவலியோடு, பின்வளவில் இரண்டு ஆட்டை விட்டுவிட்டு வருகிற அறுபத்தைந்து வயது மனுஷி ஐரோப்பாவில் ஒளித்துவிடுவாராம்! இரண்டாம் தரம் அம்மா போனில் சொன்னார்: "தம்பி, இனி என்னைக் கொண்டு திரிய வேண்டாம். நான் என்ன களவெடுக்கவோ கேட்டனான்?"

களவு என்ற சொல் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

இதற்கு எதிரில் ஒரு செய்தியை வைக்கிறேன். எராஸ்முஸில் போன மாணவர்களில் பலர் போன இடத்தில் காதலித்துக் குடும்பமானார்கள். 2014இல் ஐரோப்பிய ஆணைக்குழு, 1987 தொடக்கம் இப்படிச் சேர்ந்த சோடிகளுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டுச் சந்தோசமாக அறிவித்தது. பத்திரிகைகள் 'எராஸ்முஸ் குழந்தைகள்' என்று எழுதின. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் பயணம் உண்டாக்கின புதுக் குடும்பங்களை எண்ணிப் பெருமைப்படுகிற ஐரோப்பா, ஏற்கனவே இருக்கிற குடும்பத்தைப் பயணம்செய்து சேரவிடாமல் தடுக்கிறது. மாணவன் திரும்பிப் போவான், அகதி நின்றுவிடுவான், அதுதான் வித்தியாசம் என்று வாதாடுகிறவர்கள் அந்தப் பத்து லட்சத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். அவர்களுடைய தாய் தகப்பனில் யாரோ ஒருவர் திரும்பிப் போகாமல் நின்றிருப்பார்.

எங்கள் குடும்பங்கள் சேருகிற விதம் உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாட்டில் சந்திப்பு. திருச்சியில் ஒரு வீட்டை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுப்பார்கள். கனடாவிலிருந்து அண்ணன், ஜேர்மனியிலிருந்து தங்கச்சி, ஊரிலிருந்து தாய். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு மொழியில் கதைப்பார்கள். அப்பம்மா எல்லாருக்கும் தலையைத் தடவுவார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நாலு சகோதரங்களில் ஒருவருடைய பயணப் பத்திரத்துக்கு விசா கிடைக்கவில்லை. குடும்பப் படம் எடுக்கும்போது அவரை ஒரு போனுக்குள் வைத்துத் தாயின் மடியில் பிடித்தார்கள்.

இப்போது பரிமாற்ற மாணவர்களுக்கு வருகிறேன். நண்பர் ஒருவருடைய மகள், பிரெஞ்சுப் பிரசை, படிப்பின் ஒரு பகுதியாக ஆறு மாதம் சிங்கப்பூர் போனாள். விடுமுறையில் அங்கிருந்து யாழ்ப்பாணம் போய் அப்பம்மாவைக் கண்டாள். தகப்பனின் பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று இருக்கிறது. அவர் முப்பது வருடமாகப் பார்க்காத கிணற்றையும் பின்வளவு மாமரத்தையும் மகள் போனில் பிடித்து அனுப்பினாள். கிழவி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு "அவன் எப்ப பிள்ளை வருவான்?" என்று கேட்டிருக்கிறார். மகள் திரும்பிவந்து, "அப்பா, நீங்கள் ஏன் என்னோடை வரேல்லை?" என்று கேட்க, நண்பர் "வேலை" என்று சொல்லிவிட்டார்.

அந்த "வேலை" என்ற சொல்லில்தான் எங்கள் தலைமுறையின் பொய் முழுவதும் இருக்கிறது. பிள்ளைக்குப் பாஸ்போட் கொடுத்தோம். அந்தப் பாஸ்போட் ஏன் தகப்பனிடம் இல்லை என்ற கதையைக் கொடுக்கவில்லை. உலகப் பிரசை என்று கைதட்டினால் போதும் என்று நினைத்தோம். விளைவு என்ன? அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்றைக்குத் தொலைக்காட்சியில் படகில் வருகிற ஆட்களைப் பார்த்து, "ஏன் இவர்கள் முறைப்படி விண்ணப்பிக்கக் கூடாது?" என்று கேட்கிறார்கள். நாங்கள் மேடையில் சொன்னதைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்.

இந்த நாடுகள் எங்களுக்கு அடைக்கலம் தந்தன, நன்றியோடு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்பார்கள். அடைக்கலத்துக்கு நன்றி உண்டு. அதற்கு விலையாகப் பெற்ற தாயை மறக்கும்படி அந்த உடன்படிக்கையில் எங்கேயும் எழுதவில்லை. வேறு சிலர், எல்லாரையும் எடுக்க ஐரோப்பாவால் ஏலுமா என்று ஐரோப்பாவுக்காகக் கவலைப்படுவார்கள். நான் எல்லாரையும் பற்றிக் கதைக்கவில்லை. ஏற்கனவே இங்கே இருந்து, வேலை செய்து, வரி கட்டுகிறவனின் தாயைப் பற்றிக் கதைக்கிறேன்.

வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவும் நான் தயாரில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட இயக்கத்தின் பாஸ் வேண்டும். அதற்கு வீட்டில் ஒருவரைப் பிணை வைக்கவேண்டும். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடின பிறகு ஆமியின் கிளியரன்ஸ் வேண்டும். ஒருவர் பாஸ் என்றார், ஒருவர் கிளியரன்ஸ் என்றார், ஐரோப்பா விசா என்கிறது. மூன்று பேரும் தாயையும் பிள்ளையையும் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேரம் பேசினார்கள். இங்கேயும் காட் கிடைத்த தமிழன் காட் இல்லாத தமிழனுக்கு ஒரு கட்டிலை மூன்று பேருக்கு வாடகைக்கு விடுகிறான். விசா இல்லாத பொடியன் என்றால் அரைச் சம்பளம். பிறகு மேடையில் ஏறி அதே பொடியனைப் பார்த்துக் களவாய் வந்தவன் என்கிறான்.

ஆகவே சில காரியங்களைக் கேட்கிறேன். ஊர்ச்சங்கங்கள் கோபுரத்துக்கும் தேருக்கும் சேர்க்கிற காசில் ஒரு பங்கை எடுத்து, கிழமையில் ஒரு பின்னேரம் ஒரு மேசை போடுங்கள். குடும்ப இணைவு விண்ணப்பம் நிரப்ப, சான்றிதழ்களை மொழிபெயர்க்க, விசா மறுப்புக் கடிதத்தை வாசித்துச் சொல்ல. மேன்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பது பலருக்கு அது முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. பெற்றோர்கள் "வேலை" என்று சொல்வதை நிறுத்துங்கள். ஏன் போக ஏலாது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

பார்சலோனாவுக்கும் கொப்பன்ஹேகனுக்கும் போய்வந்த பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்து பார்த்தீர்கள். அம்மா வந்து மூன்று நாள் நின்றால் அறை எப்படி மாறுகிறது என்று உங்களுக்குத் தெரியும். தேர்தல் காலத்தில் ஆட்கள் உங்கள் கதவைத் தட்டுவார்கள். வளர்ந்த பிள்ளைக்குத் தாய் குடும்பமா இல்லையா என்று அவர்களிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு வாக்கு இருக்கிறது. எனக்கு இல்லை.